உன் முதல் கிளட்சில் ஒரு பிழையும் இல்லை

மகனே,

இதை வாசிக்கத் தொடங்கியதுமே உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு வந்துகொண்டிருக்கிற கோபத்துக்கு அது ஈடாகாது. உன்னோடு நேரே கதைக்கலாம் என்றுதான் திங்களும் செவ்வாயும் பார்த்தேன். நீ வேலையால் வருகிறாய், சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குள் போகிறாய், கதவைச் சாத்துகிறாய். தட்டினால், “லேட்டர் அம்மா, பிளீஸ்” என்கிறாய். கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான். அது முடிந்த கையோடு அந்தக் காரில் ஆரணியை ஏற்றிக்கொண்டு சிட்னிக்குக் குடிபோகப் போகிறாய். உன்னுடைய ‘லேட்டர்’ வரும் என்று நான் காத்திருந்தால் நீ ஹியூம் ஹைவேயில் பாதித் தூரம் போயிருப்பாய். அதனால் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். நீ வேலைக்குப் போயிருக்கிற பகல் நேரம். இடையில் குறுக்கே பேச ஒருவரும் இல்லை.

ஞாயிறு நடந்ததை நீ இப்போது பகிடியாக்கிச் சொல்லித் திரிகிறாய் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது பகிடி இல்லை. கலியாணத்துக்கு முதல் காருக்குப் பூசை செய்ய வேண்டும் என்று கேட்டது நான்தான், அதை மறுக்கவில்லை. கேரம் டவுன்ஸ் கோயில் வாசலில் ஐயர் சந்தனம் வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்து, நாலு ரயருக்கும் முன்னால் நாலு தேசிக்காய் வைத்தார். “தம்பி, மெல்ல முன்னுக்கு எடுங்கோ. தேசிக்காய் நசிஞ்சாக் காணும்” என்றார். ஒரு அடி தூரம் போக வேண்டும், அவ்வளவுதான். ஆரணி கற்பூரத் தட்டோடு முன்னால் நின்றாள். அவளுடைய தாயும் தகப்பனும் இதற்காகவே சிட்னி லிட்கமிலிருந்து வந்து நின்றார்கள். நீ கிளட்சை விட்டாய், கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. இரண்டாம் தரமும் நின்றது. மூன்றாம் தரம் உனக்கு வெட்கம் வந்துவிட்டது, அக்சிலரேற்றரைக் கூட்டி மிதித்தாய். கார் பாய்ந்தது. ஆரணி பின்னுக்கு விழுந்தாள், தட்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பம்பருக்கும் அந்தப் பிள்ளையின் முழங்காலுக்கும் இடையில் ஒரு சாண் இருந்திருக்குமோ தெரியாது. உள்ளங்கை இரண்டும் சிராய்ந்து இரத்தம்.

அவளைத் தூக்கி நிறுத்திவிட்டு நான் உன்னிடம் சொன்னேன், “தம்பி, இது றோட்டில ஓடுற கிளட்ச் இல்லை. கழட்டிப் போடு” என்று. நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது, எனக்கு இருக்கிறது. “அம்மா, உங்களுக்குக் கிளட்ச் எண்டா என்னெண்டு தெரியுமே? நீங்கள் போய்ப் பொங்கல் புக்கையைப் பாருங்கோ.” சனம் சிரித்தது. சம்பந்தி மரியாதைக்குச் சிரித்தார். உன் அப்பாவும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்ததை மன்னிக்கலாம், அவர்களுக்குத் தெரியாது. உன் அப்பாவுக்குத் தெரியும். உனக்குச் சொல்லப் பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் நான் குனிந்து, உருண்டு போன தேசிக்காய்களைப் பொறுக்கினேன். ஏன் பதில் சொல்லவில்லை என்பதைத்தான் இனி எழுதப் போகிறேன்.

மூன்று வருடமாக அந்தக் காரோடு மாரடிக்கிறாய். எழுபதுகளில் இந்த நாட்டிலேயே செய்த வீ-எயிட் எஞ்சின் கார், பலராட் பக்கம் ஒரு கொட்டிலுக்குள் கறள் பிடித்துக் கிடந்ததை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தாய். கறள் சுரண்டினாய், பெயின்ற் அடித்தாய், எஞ்சினைக் கழற்றிப் புதிதாகச் செய்வித்தாய். நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். பிறகு கிளட்ச் விஷயம் வந்தது. கராஜ் சுவரில் வெள்ளைப் பலகை தொங்கவிட்டு மூன்று விதத்தையும் எழுதி வைத்தாய். தட்டு முழுக்க வட்டமாக, உராய்ந்து பிடிக்கிற லைனிங் வைத்த சாதாரணக் கிளட்ச் ஒன்று. வட்டத்துக்குப் பதிலாக ஆறு செரமிக் துண்டு மட்டும் வைத்த, ரேஸ் ஓடுகிறவர்கள் போடுகிற கிளட்ச் ஒன்று. இரண்டு தட்டு வைத்த கிளட்ச் ஒன்று. அமெரிக்காவில் முகம் தெரியாத ஒருவனை இணையத்தில் கேட்டாய். வேலையிடத்தில் கேட்டாய். உன் அப்பாவைக் கேட்டாய். அந்த மனிசன் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒட்டோமற்றிக் கார்தான் ஓடுகிறார், அவருடைய காரில் கிளட்ச் பெடலே இல்லை. அவரும் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்று நாடியைத் தடவி, “ஸ்ட்ரோங்கானதைப் போடன்” என்று அபிப்பிராயம் சொன்னார். உங்கள் இருவருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு அந்த இடத்திலேயே நின்றேன். ஒருவராவது என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் சாதாரணக் கிளட்சைத்தான் போட்டாய். இரண்டு மாதத்தில் அது வழுக்கத் தொடங்கியது. நாலாம் கியரில் மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, கார் போகவில்லை என்று வந்து கத்தினாய். இந்த எஞ்சினின் பலத்தைத் தாங்க அதற்குச் சக்தி இல்லை என்று முடிவு கட்டினாய். விற்ற கடைக்காரனுக்கு இணையத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து ஒரு பந்தி திட்டி எழுதினாய், எனக்கும் வாசித்துக் காட்டினாய். பிறகுதான் அந்த ஆறு துண்டு செரமிக்கை வாங்கிப் போட்டு, அதைப் பெரிய கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

மகனே, உன் முதல் கிளட்சில் ஒரு பிழையும் இல்லை. நீ கழற்றி எறிந்த தட்டை நான் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நீ வேலைக்குப் போன பிறகு பின்வளவில், நல்ல வெயில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். லைனிங் தேயவே இல்லை. ஆனால் ஒரு பக்கம் முழுக்க எண்ணெய் ஊறி, கறுத்து மினுங்கிக்கொண்டு இருந்தது. எண்ணெய் பட்ட லைனிங் எந்த எஞ்சினிலும் வழுக்கும், மாட்டு வண்டியில் போட்டாலும் வழுக்கும். கிளட்சைச் சுற்றி எண்ணெய் கிடந்ததை நீயும் கண்டிருப்பாய், கியர் பொக்சிலிருந்து வந்தது என்று நினைத்துத் துடைத்துவிட்டாய். கியர் பொக்ஸ் எண்ணெய் கூழ்முட்டை மாதிரி நாறும். நான் மணந்து பார்த்தேன், அது அப்படி நாறவில்லை. அது எஞ்சின் எண்ணெய். உன் எஞ்சினின் பின்பக்கத்தில் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கிற சீல் ஒழுகுகிறது. நீ அதை மாற்றவில்லை. இப்போதும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த நிலையில்தான் கட்டின பெண்சாதியை ஏற்றிக்கொண்டு சிட்னி வரைக்கும் ஓடப் போகிறாய்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்து எட்டு மாதம் ஆகிறது. சொல்லவில்லை. அதுதான் என் குற்றம். அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் நீ சீலை மாற்றியிருப்பாய், இன்னொரு சாதாரணத் தட்டைப் போட்டிருப்பாய், கோயில் வாசலில் அந்தப் பிள்ளை விழுந்திருக்க மாட்டாள். ஞாயிறு முழுக்க நான் உன்னில் மட்டும் கோபப்படவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். சொன்னால் நீ கேட்பாய், “உங்களுக்கு என்னெண்டு தெரியும்?” என்று. அதற்கு உண்மையான பதில் சொல்ல எனக்குத் துணிவு இருக்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

உனக்கு ஐந்து வயதிலிருந்து நீ முதல் சம்பளம் எடுத்த வருடம் வரைக்கும் நான் எந்த ஒபிசிலும் வேலை செய்யவில்லை. டண்டினொங்கில், கிளட்ச் திருத்துகிற ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். லொறி, ட்ரக்டர், பழைய கார் எல்லாவற்றிலும் இருந்து கழற்றின தட்டுகள் பெட்டி பெட்டியாக வரும். பழைய ரிவெட் ஆணியைத் துளைத்து எடுத்து, தட்டைச் சுத்தம் செய்து, புது லைனிங்கை வைத்து, ரிவெட் அடித்து, சுழற்றி நெளிவு பார்த்து அனுப்புவது என் வேலை. பத்தொன்பது வருடம். உன் பல்லுக்குப் போட்ட பிரேஸ், உன் ரியூசன், உன் கிரிக்கெட் மட்டை எல்லாம் அந்த வேலையில் வந்தவை.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். ஊரில் நான் கணக்கு ரீச்சர். உன் அப்பா வங்கியில் இருந்தவர். வேலை கிடைத்த முதல் கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போனோம். ஒரு மனிசி, “அக்கா, நீங்கள் எங்க வேலை?” என்று கேட்டா. நான் வாய் திறக்க முதல் உன் அப்பா, “அவ ஒரு கொம்பனி ஒபிசில” என்றார். நானும் தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டல் பத்தொன்பது வருடம் ஓடியது. காலையில் நல்ல பிளவுசும் பாவாடையுமாக வெளிக்கிடுவேன், தொழிற்சாலையில் மாற்றி நீலக் காற்சட்டை போடுவேன், பின்னேரம் திரும்பவும் மாற்றிக்கொண்டு வருவேன். ஒருநாள் எங்கள் தமிழ் ஆள் ஒருவர் தன் வான் வண்டிக்குக் கிளட்ச் எடுக்க வந்துவிட்டார். அவர் போகும் வரைக்கும் நான் இறாக்கைக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தேன், சுவாமி அறையில் மாதிரி கையைக் கூப்பிக்கொண்டு. நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

உனக்கும் பொய்தான் சொன்னேன். ஏழு வயதில் என் நகத்தைப் பிடித்துப் பார்த்து, “அம்மா, ஏன் உங்கட நிகம் கறுப்பு?” என்று கேட்டாய். “பிரிண்டர் மை” என்றேன். அதற்குப் பிறகு உன் பள்ளிக்கூடத்தில், என் அம்மா நிறையப் பிரிண்ட் எடுக்கிறவ என்று நீ எழுதி, அதற்கு உன் ரீச்சர் ஒரு சிரிக்கிற முகம் ஒட்டிவிட்டிருந்தா. அந்தக் கொப்பியை நான் எறிந்துவிட்டேன்.

இன்னும் வெட்கமான ஒன்று இருக்கிறது. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கணக்குப் படிப்பித்ததை விடப் பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம், உன் அப்பாவுக்கும் இதுவரை சொன்னதில்லை. ஒரு தட்டைக் கையில் எடுத்தால் அதை ஓடினவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுவேன். காலைப் பெடலில் வைத்தபடியே ஓடுகிறவன் யார், மேட்டில் பிரேக்கை விட்டுவிட்டுக் கிளட்சில் காரைப் பிடித்து நிற்பாட்டுகிறவன் யார், எல்லாம் தெரியும். சூட்டில் நீலம் பூத்த இடத்தைப் பார்த்தே எத்தனை தரம் எரிய விட்டிருக்கிறான் என்று சொல்வேன். கடைசி ஆறு வருடம், சந்தேகமான தட்டு வந்தால் மனேஜர் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார். மனேஜரே தேடி வந்து கேட்ட ஒருத்தியை, பெற்ற பிள்ளை ‘புக்கையைப் பார்’ என்கிறான். அதற்கும் நானே வழி செய்து கொடுத்திருக்கிறேன். கோதாரி, யாரைத் திட்டுவது?

சரி, இனிக் கிளட்சுக்கு வருகிறேன். இதை வைத்துக் கலியாண வாழ்க்கைக்கு உபதேசம் சொல்லப் போகிறேன் என்று பயப்படாதே. நான் கிளட்சைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்தக் காரால் நீ என்ன செய்யப் போகிறாய்? ரேஸுக்குப் போகப் போகிறாயா? இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில், நண்பர் வீடு, கடற்கரை, பிறகு சிட்னியில் பரமட்டா றோட்டில் அங்குலம் அங்குலமாக நகர வேண்டும். அதற்குக் கிளட்ச் கொஞ்சம் வழுக்கிப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் கார் மெல்ல வெளிக்கிடும். செரமிக் துண்டு அப்படிப் பிடிக்காது. விட்டால் விட்டது, பிடித்தால் கழுத்தைப் பிடித்தது. இரண்டு தட்டுக் கிளட்ச் உன் எஞ்சினைத் தாங்கும், பெடலும் அவ்வளவு இறுக்கமில்லை. ஆனால் நிற்கிற நேரமெல்லாம் தகரம் தட்டுகிற மாதிரிக் கடகடக்கும், உன் எஞ்சினுக்கு அது தேவையும் இல்லை. முழு வட்ட லைனிங் பிடித்த சாதாரணத் தட்டையே போடு. இடம் விட்டால் ஒரு அளவு பெரியதாகப் பார். நடுவில் ஸ்பிரிங் உள்ள தட்டு வேண்டும். முதலில் சீலை மாற்று. தட்டு அழுந்துகிற பிளைவீல் சில்லைக் கடைந்து மட்டமாக்கு. போட்டவுடன் ஹைவேயில் கொண்டுபோய் மிதிக்காதே, இரண்டு கிழமை டண்டினொங்குக்கும் வீட்டுக்கும் இடையில் நின்று நின்று ஓடிப் பழக்கு. லைனிங் படிய நாள் எடுக்கும். உன் பொறுமைக்கு இது கஷ்டம்தான். இருந்தாலும் செய்.

இன்னொன்று. செவ்வாய்க்கிழமை ஆரணி எனக்குப் போன் எடுத்தாள். கை காய்ந்துவிட்டதா என்று கேட்டேன். “ஓம் அன்ரி, அது ஒண்டுமில்லை. உங்களிட்ட ஒண்டு சொன்னா அவரிட்டச் சொல்ல மாட்டியளே?” என்றாள். “என்னம்மா?” என்றேன். “அந்தப் பெடலை மிதிக்க எனக்கு ஏலாமல் கிடக்கு அன்ரி. ரெண்டு தரம் ஓடிப் பாத்தனான், காலெல்லாம் உளைஞ்சு இடுப்பு வரைக்கும் நோகுது. எனக்குச் சரியான ஈசி எண்டு அவருக்குச் சொல்லிப்போட்டன். அவருக்கு அந்தக் கார் எவ்வளவு விருப்பம்... விடுங்கோ அன்ரி, பழகிடுவன்.” அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. அவளில் இல்லை. இன்னும் தாலி ஏறவில்லை, அதற்குள் அந்தப் பிள்ளை மறைக்கப் பழகிவிட்டாள். எப்படித் தொடங்கும், எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு நல்லாகத் தெரியும். சொல்ல மாட்டேன் என்று நான் அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. இஞ்சி போட்ட தேத்தண்ணி குடி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அவள் என்னில் கோபித்தால் கோபிக்கட்டும். நீ அவளோடு கோபித்தால் நான் உன்னைச் சும்மா விட மாட்டேன்.

ஆரணி சொன்னதை மட்டும் விட்டுவிட்டு, இதுவரை எழுதியதை மத்தியானம் சாப்பிட வந்த உன் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “நீர் என்ன விசர் வேலை பாக்கிறீர்? கலியாண நேரத்தில இதெல்லாம் தேவையே? சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பினம்?” என்றார். “பிள்ளையள் நடுறோட்டில நிண்டா அப்ப சம்பந்தி என்ன நினைப்பார்? அதைச் சொல்லுங்கோ” என்றேன். அவர் போய் யன்னல் திரையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, “நான் அண்டைக்குச் சிரிச்சிருக்கக் கூடாது” என்றார். மன்னிப்புக் கேட்டாரா என்றால், இல்லை. குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து தந்தார். சீனி போட மறந்துவிட்டார். நான் அப்படியே குடித்தேன்.

இந்தக் கடிதம் இப்போது உன் போனுக்கு வரும். பின்னேரம் ஐந்து மணிக்கு இதையே எங்கள் குடும்பமும் தெரிந்த சனமும் இருக்கிற வட்ஸ்அப் குழுவில் போடப் போகிறேன். ஆரணி சொன்ன பந்தியை மட்டும் எடுத்துவிடுவேன், அது உங்கள் இருவருக்கும் உரியது. மற்ற முழுவதும் அப்படியே போகும். பிறந்தநாள் வீட்டில் கேள்வி கேட்ட அந்த மனிசியும் அதில் இருக்கிறா, வானுக்குக் கிளட்ச் எடுக்க வந்தவரும் இருக்கிறார், சம்பந்தி வீட்டாரையும் போன மாதம் நீயே சேர்த்துவிட்டாய். தடுக்கலாம் என்று ஓடி வராதே. அழித்துவிடு என்று அப்பாவையும் தூது அனுப்பாதே. கிளட்ச் எண்டா என்னெண்டு தெரியுமே என்று நீ என்னைத் தனியாக அழைத்துக் கேட்கவில்லை. அவ்வளவு சனத்துக்கும் முன்னால் கேட்டாய். அவ்வளவு சனத்துக்கும் முன்னால்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் காரை உயர்த்தி வை. சீல் மாற்றுவது என் வேலை இல்லை, அதற்கு ஒரு நல்ல மெக்கானிக்கைப் பிடி. கியர் பொக்சை இப்போது தூக்க எனக்கு இடுப்பு விடாது, நீ தூக்கு. தட்டை மட்டும் என்னைக் கேளாமல் வாங்காதே.

இப்படிக்கு,
டண்டினொங்கில் பத்தொன்பது வருடம் கிளட்ச் தட்டுகளுக்கு ரிவெட் அடித்த
உன் அம்மா